முதல் நாள் எண்

மூன்று ஆண்டுகளுக்கு முந்திய கிறிஸ்துமஸ் மாலை. ஈசூனில் பெரியம்மா வீட்டில் பத்துப் பன்னிரண்டு பேர் கூடியிருந்தோம். பிரியாணி முடிந்ததும் பெரியம்மா வழக்கம்போல் குளிர்பதனப் பெட்டியின் அடித்தட்டிலிருந்து அந்தப் போத்தலை எடுத்தார். கறுப்புத் திராட்சை ஒயின். தூத்துக்குடியில் அவருடைய அம்மா செய்துவந்த அதே முறை. கிராம்பு வாசம், நாக்கில் ஒட்டிக்கொள்ளும் இனிப்பு. சித்தப்பா இரண்டு டம்ளர் குடித்தார். "ஜூஸ் மாதிரிதான் இருக்கு" என்று சொல்லிவிட்டுக் கார்ச் சாவியைத் தேடினார்.

அப்போது பெரியம்மா என்னைப் பார்த்துக் கேட்டார்: "நீதான் அறிவியல் எல்லாம் எழுதுறியே. இதுல எவ்வளவு போதை இருக்குன்னு பார்த்துச் சொல்லேன்."

என் வீடு பக்கத்துப் புளோக். ஓடிப்போய்த் திரவமானியை எடுத்து வந்தேன். உயரமான கண்ணாடிக் குழாயில் ஒயினை ஊற்றி, அதில் திரவமானியை மிதக்கவிட்டேன். 1.085 என்று காட்டியது. எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். எனக்கோ சொல்ல ஒன்றுமில்லை. அன்று காலையில் பிழிந்த, ஒரு துளி ஆல்கஹால்கூட இல்லாத நல்ல திராட்சைச் சாறும் 1.085 காட்டக்கூடும். கடையில் விற்கும் ஒயின் அளவுக்குப் போதை கொண்ட, ஆனால் சீனி மிதமிஞ்சிய ஒயினும் அதே 1.085 காட்டும்.

"நொதிக்க வைத்த முதல் நாள் எவ்வளவு சீனி போட்டீங்க, பெரியம்மா?"

"கண்ணளவுதான்."

சித்தப்பா அன்று கிராப் வாகனத்தில் வீடு திரும்பினார். மறுநாள் காரை எடுக்க ஈசூனுக்கு மீண்டும் வர வேண்டியிருந்ததில் அவருக்கு இன்னமும் என்மேல் வருத்தம்.

வீட்டில் ஒயின் செய்யத் தொடங்க வேண்டும், என்ன வாங்குவது என்று அவ்வப்போது வாசகர்கள் கேட்கிறீர்கள். எந்தத் திராட்சை, எந்த ஈஸ்ட், எத்தனை நாள் என்பதே பெரும்பாலான கேள்வி. என் பதில் வேறு. முதலில் ஒரு திரவமானி வாங்குங்கள். திராட்சை பிறகு. ஹைட்ரோமீட்டர் என்று கேட்டால் வீட்டில் பியர், ஒயின் செய்வதற்கான பொருள்களை விற்கும் கடைகளில் கொடுப்பார்கள். அது இல்லாமல் தொடங்குவதைவிடத் தொடங்காமல் இருப்பதே மேல் என்பது என் கட்சி. ஏன் என்று சொல்கிறேன்.

மிதக்கும் கண்ணாடிக் குச்சி

திரவமானி என்பது அடியில் கனம் வைத்த ஒரு கண்ணாடிக் குழாய், அவ்வளவுதான். அடர்த்தியான திரவத்தில் மேலெழுந்து மிதக்கும்; அடர்த்தி குறைந்தால் ஆழ அமிழும். ஆர்க்கிமிடீஸ் சொன்ன விதிதான். தூய நீரில் அது 1.000 காட்டும். சீனி கரையக் கரைய எண் ஏறும். ஒரு லிட்டரில் 220 கிராம் அளவுக்குச் சீனி இருந்தால் ஏறக்குறைய 1.090.

ஈஸ்ட் அந்தச் சீனியைத் தின்று எத்தனாலாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றுகிறது. 180 கிராம் குளுக்கோஸிலிருந்து கணக்குப்படி 92 கிராம் எத்தனாலும் 88 கிராம் வாயுவும் வரும். சீனி குறைவதால் அடர்த்தி இறங்குகிறது. எத்தனால் நீரைவிட லேசானது என்பதால் இன்னும் இறங்குகிறது. சீனி முழுதும் தீர்ந்த ஒயின் 0.995 வரைகூடப் போகும், அதாவது தண்ணீரைவிட லேசு. தொடக்க எண்ணிலிருந்து முடிவு எண்ணைக் கழித்து 131-ஆல் பெருக்கினால் ஆல்கஹால் விழுக்காடு கிடைத்துவிடும். 1.090-இல் தொடங்கி 0.995-இல் முடிந்தால் வித்தியாசம் 0.095. பெருக்கினால் பன்னிரண்டரை விழுக்காடு. கைத்தொலைபேசியில் கணக்குப் போடத் தெரிந்தால் போதும்.

ஆனால் இரண்டு எண்ணும் வேண்டும். இனிப்பான ஒயினில் மிச்சச் சீனி அடர்த்தியை மேலே இழுக்கிறது, எத்தனால் கீழே இழுக்கிறது. கடைசியில் கிடைக்கும் ஒற்றை எண்ணை வைத்து யார் எவ்வளவு இழுத்தார்கள் என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஆய்வகத்தில் அதற்கு வேறு வழிகள் உண்டு. சமையலறையில் இல்லை.

இந்தக் கருவியைப் பரவலாக்கியவர்களில் முக்கியமானவர்கள் வரி வசூலித்தவர்கள் என்பது ஒரு வேடிக்கை. சாராயத்தின் வலிமைக்கேற்ப வரி விதிக்க வேண்டுமே! பார்த்தலமியூ சைக்ஸ் என்பவரின் திரவமானியை பிரிட்டன் 1816-இல் சட்டபூர்வக் கருவியாக்கியது. வடித்தெடுத்த சாராயத்தில் சீனி கிடையாது. அதனால் வரி அதிகாரிக்கு ஒரே எண் போதும். வீட்டில் ஒயின் செய்பவருக்குத்தான் இரண்டு.

நாக்கு ஏன் ஏமாறுகிறது

நம் வீடுகளில் வழங்கும் செய்முறையை எடுத்துக்கொள்வோம். ஒரு கிலோ கறுப்புத் திராட்சை, ஒரு கிலோ சீனி, ஒரு லிட்டர் தண்ணீர், கைப்பிடிக் கோதுமை, கிராம்பு, பட்டை. ஜாடியில் போட்டு 21 நாள். சில வீடுகளில் நிறத்துக்குச் சீனியைக் கருக்கி ஊற்றுவார்கள். தெளிய வைக்க முட்டை வெள்ளைக்கரு சேர்ப்பாரும் உண்டு. அதற்கு அறிவியல் நியாயம் இருக்கிறது, வெள்ளைக்கருவின் புரதம் துவர்ப்புப் பொருளைப் பிடித்துக்கொண்டு கீழே படியும்.

இதில் கைகொடுக்காதது சீனிக் கணக்குத்தான். திராட்சையிலேயே 150 கிராம் அளவுக்குச் சீனி இருக்கும். அதோடு ஒரு கிலோ. மொத்தக் கலவை சுமார் இரண்டரை லிட்டர். ஆக, ஒரு லிட்டருக்கு ஏறக்குறைய 450 கிராம்! ஒரு விழுக்காடு ஆல்கஹாலுக்கு லிட்டருக்கு 17 கிராம் சீனி போதும் என்பதால், இவ்வளவு சீனியும் மாறினால் 26 விழுக்காடு வர வேண்டும். எந்தச் சாதாரண ஈஸ்ட்டும் அதுவரை உயிரோடு இருக்காது. ஊறுகாயில் உப்பு நுண்ணுயிர்களை அடக்குவதுபோல, இத்தனை சீனி ஈஸ்ட்டின் உடலிலிருந்து நீரை உறிஞ்சித் திணற வைக்கும். திணறிய ஈஸ்ட் 5 விழுக்காட்டில் படுத்துவிடலாம். பிடிவாதக்காரனாக இருந்தால் 13 வரை போகலாம்.

எங்கே நின்றாலும் மிச்சச் சீனி ஏராளம். 12 விழுக்காட்டில் நின்றது என்று வையுங்கள். லிட்டருக்கு 250 கிராம் இன்னும் கரைந்து கிடக்கும். கோலா பானத்தில் இருப்பதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல். அந்த இனிப்பில் ஆல்கஹாலின் காரம் தெரியவே தெரியாது. 5 விழுக்காடும் 12 விழுக்காடும் நாக்குக்கு ஒரே "ஜூஸ்".

சித்தப்பாவின் இரண்டு டம்ளரை 400 மில்லி என்று கொள்வோம். ஒயின் 12 விழுக்காடு என்றால் அதில் எத்தனால் 38 கிராம். சுமார் 70 கிலோ எடையுள்ள ஆணின் இரத்தத்தில் அது 100 மில்லிக்கு ஏறத்தாழ 80 மில்லிகிராம் அளவைத் தொடக்கூடும். சிங்கப்பூரில் வாகனமோட்டிக்கான சட்ட வரம்பே அதுதான். 55 கிலோ பெண்ணுக்கு வரம்பைத் தாண்டிப் போய்விடும். ஆளுக்கு ஆள், சாப்பாட்டுக்குச் சாப்பாடு மாறுகிற கணக்கு இது. மூச்சுச் சோதனைக் கருவிக்கு அந்தச் சமாதானமெல்லாம் புரியாது. அதே ஒயினைப் "பிள்ளைக்கு ஒரு வாய்" என்று ஆறு வயதுக் குழந்தைக்கும் கொடுத்ததை நான் பார்த்திருக்கிறேன். கொடுத்தவர் கெட்டவர் அல்லர். என்ன கொடுக்கிறோம் என்று அவருக்குத் தெரியாது.

"அந்தக் காலத்தில் எந்தக் கருவி இருந்தது?" என்று கேட்பீர்கள். அந்தக் காலத்தில் கிறிஸ்துமஸ் இரவு கோவிலிலிருந்து நடந்து வீடு திரும்பினார்கள். இன்று மத்திய விரைவுச்சாலையில் ஏறுகிறோம்.

பயப்பட வேண்டிய இடம்

வீட்டு ஒயின் என்றதும் இன்னொரு குரல் எழும்: "மெத்தனால் வந்து கண் போயிடும்!" இந்தப் பயம் வெறுங்கதையிலிருந்து பிறந்ததல்ல. 2018 செப்டம்பரில் சிலாங்கூரில் கலப்பட மது குடித்துப் பலர் இறந்தார்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். மலாயாத் தோட்டங்களில் சம்சு எத்தனை குடும்பங்களைக் குலைத்தது என்பது நம் பெரியவர்கள் சொல்லித் தெரிந்ததுதான். மதுவைப் பற்றி எழுதும் எந்தத் தமிழருக்கும் இந்த நினைவு இல்லாமல் இருக்க முடியாது, இருக்கவும் கூடாது.

ஆனால் அந்தச் சாவுகளின் மெத்தனால் திராட்சையிலிருந்து வந்ததல்ல. தொழிற்சாலைப் பயன்பாட்டுக்கான மெத்தனாலை மதுவில் கலந்ததால் வந்தது. பழத்தை நொதிக்க வைக்கும்போதும் கொஞ்சம் மெத்தனால் உண்டாகும், உண்மை. பழத்தோலில் உள்ள பெக்டின் உடையும்போது அது வெளிப்படுகிறது. அனைத்துலகத் திராட்சை, ஒயின் அமைப்பு சிவப்பு ஒயினுக்கு வைத்திருக்கும் வரம்பு லிட்டருக்கு 400 மில்லிகிராம். கண்பார்வையைப் பறிக்கக்கூடியதாக மருத்துவ நூல்கள் சொல்லும் 10 மில்லி தூய மெத்தனால் சேர, அந்த வரம்பைத் தொட்ட ஒயினைக்கூட 20 லிட்டர் குடிக்க வேண்டும். அதற்குள் எத்தனாலே ஆளை முடித்துவிடும்.

நொதித்தல் வேறு, காய்ச்சி வடித்தல் வேறு. அந்தக் கோட்டை மட்டும் தாண்டாதீர்கள். ஒயினைக் குக்கரில் ஊற்றி ஆவி பிடித்தால் "பிராந்தி" வரும் என்று யாராவது சொன்னால், அவரோடு பேச்சை வேறு பக்கம் திருப்புங்கள். அது சட்டவிரோதம். எத்தனால் ஆவி சமையலறை அடுப்பில் பற்றிக்கொள்ளும் ஆபத்து வேறு.

மெத்தனாலுக்கு நடுங்கும் நம் வீடுகளில் யாரும் கவனிக்காத இரண்டு விஷயங்கள் உண்டு. ஒன்று, ஜாடி. பாட்டி காலத்து மெருகு பூசிய பீங்கான் ஜாடிகள் சிலவற்றின் மெருகில் ஈயம் இருக்கும். ஒயின் அமிலமானது. வாரக்கணக்கில் உள்ளே இருந்தால் ஈயத்தைக் கரைத்து எடுத்துக்கொள்ளும். ஈயம் வாசமும் காட்டாது, கசக்கவும் செய்யாது. செம்பு, பித்தளை, அலுமினியப் பாத்திரங்களும் வேண்டாம். கண்ணாடி அல்லது உணவுக்கென்று தயாரிக்கப்பட்ட பிளாஸ்டிக் வாளி போதும். பாட்டியின் ஜாடியை வரவேற்பறையில் வைத்து அழகு பாருங்கள்.

இரண்டாவது, மூடிய போத்தல். இது என் சொந்தக் கதை.

ஒயின் செய்யத் தொடங்கிய புதிதில், சமையலறை வெப்பம் அதிகம் என்று கலனைக் குளிரூட்டிய படுக்கையறையில் வைத்தேன். பத்தாம் நாள் குமிழி நின்றது. முடிந்துவிட்டது என்று நினைத்தேன். திரவமானியைப் போட்டேன்; 1.020 காட்டியது. "இனிப்பாக இருக்கட்டுமே" என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லி, கம்பிப் பூட்டுப் போத்தல்களில் அடைத்துச் சமையலறை அலமாரியில் வைத்தேன். உண்மையில் ஈஸ்ட் குளிரில் தூங்கியிருந்தது, அவ்வளவுதான். அலமாரியின் 30 பாகை வெப்பத்தில் அது விழித்துக்கொண்டது. ஒன்பது நாள் கழித்து இரவு இரண்டு மணிக்கு வெடி வெடித்தது போல் ஒரு சத்தம். அலமாரிக் கதவு பிளந்து கிடந்தது. கண்ணாடித் துண்டு ஒன்று எதிர்ச் சுவரில் செருகியிருந்தது. மாலையில் என் மகள் நின்று மைலோ கலக்கும் இடம் அது.

கணக்கு எளிதானதுதான், நான்தான் பார்க்கவில்லை. மூடிய போத்தலில் லிட்டருக்கு 4 கிராம் சீனி நொதித்தால் அழுத்தம் ஏறக்குறைய ஒரு வளிமண்டலம் கூடும். ஷாம்பெயின் தயாரிப்பவர்கள் லிட்டருக்கு 24 கிராம் சேர்த்து 6 வளிமண்டல அழுத்தம் உண்டாக்குகிறார்கள். அதைத் தாங்கத்தான் அந்தத் தடித்த கனமான போத்தல். என் போத்தலில் அதைவிட இரண்டு மடங்கு சீனி இருந்தது. கண்ணாடியோ சன்னம். குமிழி நிற்பது எதற்கும் சாட்சி அல்ல. எண் 1.000-க்குக் கீழே இறங்கி, மூன்று நான்கு நாள் இடைவெளியில் இருமுறை பார்த்தும் அசையாமல் நின்றால்தான் முடிந்ததாகக் கொள்ள வேண்டும். அதுவரை மூடியை இறுக்காதீர்கள்.

சரி, எப்படித் தொடங்குவது?

சிறிதாகத் தொடங்குங்கள். ஐந்து லிட்டருக்கு மேல் வேண்டாம். சிங்கப்பூரில் 18 வயது நிரம்பியவர்கள் தங்கள் வீட்டில், சொந்தப் பயன்பாட்டுக்காக, ஒரு வீட்டுக்கு மாதம் 30 லிட்டருக்கு மேற்படாமல் நொதித்த மது தயாரிக்கச் சுங்கத்துறை அனுமதிக்கிறது. விற்கக் கூடாது, வடிக்கக் கூடாது. மலேசியாவில் இந்தச் சலுகை இல்லை. அங்கே உரிமமின்றி மது தயாரிப்பது கலால் சட்டப்படி குற்றம். ஜொகூர் உறவினர் செய்முறை கேட்டால் இதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

தேக்கா சந்தையில் கிடைக்கும் கறுப்புத் திராட்சை மூன்று கிலோ. காம்பு நீக்கி, நன்றாகக் கழுவி, கையால் நசுக்குங்கள். மிக்ஸி வேண்டாம், விதை உடைந்தால் கசக்கும். "கழுவினால் ஈஸ்ட் போய்விடுமே" என்பது பெரியம்மாவின் பழைய வாதம். பழத்தோலில் இருப்பவை பெரும்பாலும் காட்டு ஈஸ்ட்கள். அவை சிறிது ஆல்கஹாலிலேயே சோர்ந்துவிடும். ஒயினை முடித்துத் தரும் சாக்கரோமைசிஸ் செரிவிசியே அங்கே அரிது. ஒயினுக்கென்றே விற்கும் ஐந்து கிராம் ஈஸ்ட் பொட்டலம் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். இசி-1118 என்ற வகை நம் வெப்பத்தையும் புதியவர்களின் தவறுகளையும் ஓரளவு பொறுத்துப்போகும். ரொட்டி ஈஸ்ட்டும் வேலை செய்யும், ஆனால் அடியில் இறுகப் படியாமல் ஒயினைக் கலங்கலாகவே வைத்திருக்கும்.

இரண்டு லிட்டர் நீர் சேருங்கள். சீனியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து, ஒவ்வொரு முறையும் வடிகட்டிய சாற்றில் திரவமானியை மிதக்கவிட்டுப் பாருங்கள். 1.085-க்கும் 1.090-க்கும் இடையில் வந்ததும் நிறுத்திவிடுங்கள். அரைக் கிலோவைச் சுற்றித்தான் ஆகும். ஒன்றுக்கு ஒன்று என்ற பழைய கணக்கை அருகில் வைத்துப் பாருங்கள், சிரிப்பு வரும். பெரும்பாலான திரவமானிகள் 20 பாகை வெப்பத்துக்கு அளவிடப்பட்டவை. நம் 30 பாகையில் 0.002 அல்லது 0.003 குறைத்துக் காட்டும், அதைக் கூட்டிக்கொள்ளுங்கள். கிடைத்த எண்ணைத் தேதியோடு எழுதி வையுங்கள். காகிதத் துண்டில் எழுதினால் தொலைந்துபோகும். கலன்மேலேயே ஒட்டுங்கள்.

தொடும் பாத்திரம், கரண்டி, குழாய் எல்லாவற்றையும் கழுவி, கிருமிநீக்கக் கரைசலில் நனைக்க வேண்டும். பொட்டாசியம் மெட்டாபைசல்ஃபைட் கரைசல் வழக்கமானது. வீட்டில் ஆஸ்துமா உள்ளவர் இருந்தால் அதன் ஆவியும், அது சேர்ந்த ஒயினும் அவருக்கு ஆகாமல் போகலாம் என்பதை மறக்காதீர்கள்.

வாளியில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் நிரப்பாதீர்கள். வாயு தோலை மேலே தூக்கிக்கொண்டு வரும். லிட்டருக்கு 200 கிராம் சீனி நொதித்தால் வெளியேறும் கரியமில வாயு 50 லிட்டருக்கு மேல்! முதல் வாரம் வாளியைச் சுத்தமான துணியால் மூடி, நாளுக்கு இரண்டு முறை தோலை உள்ளே அமுக்கிவிடுங்கள். நிறமும் துவர்ப்பும் தோலிலிருந்துதான் வருகின்றன. ஐந்தாறு நாள் கழித்து வடிகட்டி, கழுத்துக் குறுகிய கண்ணாடிக் கலனுக்கு மாற்றி, காற்றுப்பூட்டு பொருத்துங்கள். உள்ளிருக்கும் வாயுவை வெளியே விட்டு, வெளிக்காற்றை உள்ளே விடாத, நீர் நிரப்பிய சிறு மூடி அது. பழ ஈயையும் அது தடுக்கும். அந்தச் சிறு ஈ ஒன்று உள்ளே போனால் போதும், கூடவே புளிக்காடிப் பாக்டீரியாவும் வரும். காற்று கிடைத்தால் உங்கள் ஒயின் வினிகராகிவிடும். 1856-இல் லீல் நகரில் பீட்ரூட் சாராயத் தொழிற்சாலைக்காரர் ஒருவர் லூயி பாஸ்டரிடம் கொண்டுபோன தொல்லையும் வேண்டாத விருந்தாளிகள் உள்ளே புகுந்ததுதான். நுண்ணோக்கியில் அவர் பார்த்தது நொதித்தல் உயிருள்ளவற்றின் வேலை என்ற முடிவுக்கு வழிவிட்டது. நமக்கு நுண்ணோக்கி வேண்டாம், மூடி போதும்.

நம் ஊரில் நிஜமான எதிரி வெப்பம். நொதித்தலே சூட்டைக் கிளப்பும். அறை 30 பாகை என்றால் கலனுக்குள் 33, 34 வரை போகும். 35-ஐ நெருங்கினால் ஈஸ்ட் திணறி, ஒயினில் பசை வாசமும் அழுகிய முட்டை வாசமும் வரலாம். கலனைத் தண்ணீர் நிறைந்த பெரிய தொட்டியில் நிறுத்தி, காலையும் மாலையும் உறைய வைத்த தண்ணீர்ப் போத்தல் ஒன்றைத் தொட்டியில் போடுங்கள். 25 பாகையைச் சுற்றி வைத்திருந்தால் போதும். குளிரூட்டிய அறையிலிருந்து சமையலறைக்கு மாற்றி மாற்றி வைக்காதீர்கள்; அதன் விளைவைத்தான் மேலே சொன்னேனே.

எண் அசையாமல் நின்றதும், அடியில் படிந்த வண்டலைக் கலக்காமல் குழாய்வழி வேறு கலனுக்கு இறக்குங்கள். இரண்டு மூன்று வாரம் தெளியட்டும். பிறகு போத்தல்.

மருந்தல்ல

வீட்டில் செய்ததால் ஒயின் "உடம்புக்கு நல்லது" ஆகிவிடாது. இரத்தம் ஊறும், பிரசவித்தவருக்குச் சத்து என்றெல்லாம் நம் வீடுகளில் சொல்வார்கள். அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு அமைப்பு மதுபானங்களைப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் பிரிவில் சேர்த்தது 1988-இல். பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என உலகச் சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் அறிவித்தது. திராட்சையின் நற்குணம் வேண்டுமென்றால் திராட்சையைத் தின்னுங்கள். உங்கள் வீட்டில் குடியை விட முயலும் ஒருவர் இருந்தால், இந்தப் பொழுதுபோக்கை உங்கள் வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். அலமாரியில் கொப்பளித்துக்கொண்டிருக்கும் கலன் அவருக்கு ஒவ்வொரு நாளும் ஒரு சோதனை.

இவ்வளவும் சொன்ன பிறகும் ஏன் செய்ய வேண்டும் என்றால், ஒரு சமையலறைக்குள் உயிரியலும் வேதியியலும் இயற்பியலும் இப்படிக் கண்முன்னே ஒன்றாக நடப்பதை வேறெங்கும் நான் பார்த்ததில்லை. பெரியம்மாவுக்குக் காரணம் வேறு. அவர் அம்மாவின் கைமணம் அது.

அதனால்தான் திரவமானியை அவர் வீட்டுக்குக் கொண்டுபோகத் தயங்கினேன். ஆனால் மறு ஆண்டு அவரே கேட்டு வாங்கிக்கொண்டார். சீனி குறைந்ததில் முதலில் கோபம். "இது என்ன, புளிச்ச தண்ணியா?" என்றார். பிறகு அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். ஒயினைச் சீனி தீரும்வரை நொதிக்க விட்டு, குடிக்கும் வேளையில் மட்டும் டம்ளரில் கிராம்பு போட்டுக் காய்ச்சிய சீனிப்பாகைக் கலக்கிறார். போத்தலில் சீனி இல்லை, வெடிக்கவும் வழியில்லை. தூத்துக்குடி வாசம் அப்படியே இருக்கிறது. பிள்ளைகளுக்கு அதே பாகில் வெறும் திராட்சைச் சாறு.

போன கிறிஸ்துமஸுக்குப் போனபோது அடுப்படியில் தொங்கிய நாள்காட்டியைப் பார்த்தேன். நவம்பர் 2-ஆம் தேதிக் கட்டத்தில், பால் கணக்குக்குப் பக்கத்தில், 1.088 என்று எழுதியிருந்தது. டிசம்பர் 1-இல் 0.996. டிசம்பர் 5-இல் மறுபடியும் 0.996, அதன் அடியில் ஒரு கோடு. பெரியம்மா போத்தலை மேசைமேல் வைத்து, யாரும் கேட்பதற்கு முன்பே, "பன்னெண்டு பெர்சன்ட்" என்று அறிவித்தார்.

சித்தப்பா எம்ஆர்டியில் வந்திருந்தார்.